மேண்டேட்: ‘ஆணை’ வேண்டாம், ‘பற்றுக் கட்டளை’ எனலாம்

பொருள்: வங்கிப் படிவங்களில் ‘மேண்டேட்’ – கலைச்சொல்
மாட்டுங்காவிலிருந்து

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

நம் கணக்கிலிருந்து குறித்த தொகையைக் கழிக்கச் சொல்லி வங்கிக்கு எழுதிக் கொடுப்பதை வங்கிப் படிவங்களும் கைப்பேசிச் செயலிகளும் ‘மேண்டேட்’ என்கின்றன. அதற்குத் தமிழில் என்ன எழுதலாம் என்று நம் குழுவின் முலுண்டு ஐயா கேட்டிருந்தார். ஆணை, அதிகார ஆணை, அனுமதி, ஒப்புதல், அதிதேசம் என ஐந்து பரிந்துரைகள் வந்திருக்கின்றன. கடைசியை முதலிலேயே விலக்கிவிடலாம். இந்திக் கலைச்சொல்லை நம் எழுத்தில் எழுதினால், இலக்கண உரைகளில் வேறொரு பொருளில் வழங்கும் ‘அதிதேச’த்தோடு அது கலந்துவிடுகிறது. இந்தி பேசிப் பழகிய மும்பைத் தமிழருக்கே அது விளங்காது; திருநெல்வேலியில் இருக்கும் அவருடைய தாயாருக்கு எப்படி விளங்கும்?

எஞ்சியவற்றில் ‘ஆணை’க்குத்தான் ஆதரவு அதிகம். அதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

மாதந்தோறும் கடன் தவணையோ காப்பீட்டுக் கட்டணமோ என் கணக்கிலிருந்து கழிய வேண்டும் என்று நான் எழுதிக் கொடுக்கிறேன். முன்பு இதற்குக் காகிதப் படிவம்தான் இருந்தது. பிறகு வங்கிகளுக்கிடையே தவணைகளைத் தானாகத் தீர்க்கும் ‘நாச்’ (NACH) முறையில் மின்வடிவிலும் கொடுக்கலாம் என்று ஆனது. 2020 ஜூலையில், கைப்பேசிச் செயலியிலேயே இதைப் பதியும் யுபிஐ ஆட்டோபே வந்தது. எந்த வடிவமாக இருந்தாலும் சொல்பவர் கணக்குக்கு உரியவர். கேட்டு நடக்க வேண்டியது வங்கி. இவ்வளவு தெளிவான உறவு ‘ஆணை’ என்று எழுதியவுடன் தலைகீழாகிவிடுகிறது. தாராவியில் தையல் கடை வைத்திருக்கும் ஒருவரை எனக்குத் தெரியும். ‘உங்கள் கணக்கில் ஆணை பதிவாகியுள்ளது’ என்ற குறுஞ்செய்தியைப் பார்த்துவிட்டு, நீதிமன்றத்திலிருந்து ஏதோ வந்துவிட்டது என்று கடையை மூடிவிட்டு வங்கிக்கு ஓடினார். தையல் இயந்திரத்துக்கான தவணைக்கு அவரே கையெழுத்திட்ட படிவம்தான் அது. அவர் பயந்தது இயல்பு. பிடியாணை, அழைப்பாணை, தடையாணை, அரசாணை என்று அவர் கேள்விப்பட்ட ஆணைகள் எல்லாம் மேலிருந்து வந்தவை.

அதிகாரத்தையும் ஏவலையும் குறிக்க ஆங்கிலத்தில் சொற்கள் ஏராளம். நாமோ ஆணை, கட்டளை, உத்தரவு, அறிவுறுத்தல் என்று நான்கைந்தை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுகிறோம். ஒரே அறிக்கையில் ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு மூன்று தமிழ்ச் சொற்கள் வருவதைப் பார்த்திருக்கிறேன். மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்த்தால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீரும். சொல்லும் உரிமை யாருக்கு? கேட்க வேண்டியவர் யார்? கேட்காவிட்டால் என்ன ஆகும்?

‘கமாண்ட்’ படைக்கு உரியது. சொன்னவுடன் நடக்க வேண்டும், ஏன் என்று கேட்க இடமில்லை. கணினிக்கும் அதே சொல் போய்ச் சேர்ந்ததில் வியப்பில்லை. ‘ஆர்டர்’ அவ்வளவு கறாரானது இல்லை. நீதிபதி பிறப்பிப்பதும் ஆர்டர், மாட்டுங்காவின் உடுப்பி உணவகத்தில் நாம் இட்லி கேட்பதும் ஆர்டர். ‘இன்ஸ்ட்ரக்‌ஷன்’ கற்பித்தலோடு தொடர்புடைய சொல். ஆனால் ஆங்கிலச் சட்ட வழக்கில் கட்சிக்காரர்தான் தம் வழக்கறிஞருக்கு இன்ஸ்ட்ரக்‌ஷன் கொடுக்கிறார். சட்டம் தெரிந்தவர் வழக்கறிஞர், சொல்லும் உரிமை சட்டம் தெரியாதவருக்கு. வாடிக்கையாளர் வங்கிக்குத் தரும் ‘ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ இந்த வழியில் வந்ததுதான்.

‘டைரக்‌ஷன்’ பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் அது பிறக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் நாம் குடியிருக்கிறோம். தெருவில் வழி கேட்டவருக்குச் சொல்வதும் டைரக்‌ஷன்தான். மும்பைக் கோட்டைப் பகுதியிலுள்ள ரிசர்வ் வங்கியிலிருந்து வருவது வேறு. 1949ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் 35அ பிரிவில் அதைப் பிறப்பிக்கும் அதிகாரத்தைத் தருகிறது. வங்கிகள் அதற்குக் கட்டுப்பட்டவை என்றும் அதே பிரிவில் சொல்கிறது. 2016 முதல், ஒரு பொருளைப் பற்றி வெளிவந்தவற்றைத் தொகுத்து ‘மாஸ்டர் டைரக்‌ஷன்’ என்றும் வெளியிடுகிறார்கள். நம் நாளிதழ்கள் இதை ‘வழிகாட்டு நெறிமுறை’ என்று எழுதுகின்றன. ‘கைட்லைன்’ வந்தாலும் அதே ‘வழிகாட்டு நெறிமுறை’. படிக்கிறவர் என்ன நினைப்பார்? வங்கிக்கு விருப்பம் இருந்தால் செய்யும், இல்லாவிட்டால் விடும் என்றுதான் நினைப்பார். தமக்குச் சட்டப்படி கிடைக்க வேண்டியதைக் கேட்காமலே திரும்பி வருவார். மொழிபெயர்ப்பின் தளர்ச்சி இப்படி ஏழையின் பணப்பையைத் தொடுகிறது என்பதால்தான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

இதற்கு இலங்கைத் தமிழர் வழங்கும் ‘பணிப்புரை’ மிகப் பொருத்தம். நாம் இயக்குநர் என்பவரை அவர்கள் பணிப்பாளர் என்கிறார்கள். அவர் தருவது பணிப்புரை. பணிந்தான் என்றால் தலைவணங்கினான், பணித்தான் என்றால் செய்யச் சொன்னான். ஒரே வேரில் கேட்பவரும் சொல்பவரும் இருக்கிறார்கள். கட்டுப்பட வேண்டியவர் எதிரே இருக்கிறார் என்பது சொல்லிலேயே தெரிகிறது. ரிசர்வ் வங்கியின் டைரக்‌ஷன் பணிப்புரை, கைட்லைன் வழிகாட்டுதல் என்று பிரித்துக்கொண்டால் இந்தக் கேடு தீரும்.

‘டைரக்டிவ்’ வந்தால் மட்டும் எந்தச் சட்டம் என்று பார்த்து எழுதுங்கள். நம் அரசமைப்பின் நான்காம் பகுதியில் உள்ள ‘டைரக்டிவ் பிரின்சிபிள்ஸ்’ நாட்டை ஆள்வதற்கு அடிப்படையானவை, ஆனால் நீதிமன்றம் மூலம் நிறைவேற்றக் கோர முடியாதவை. 37ஆம் உறுப்பு அதைத் தெளிவாகச் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டைரக்டிவோ அடைய வேண்டிய விளைவைப் பொறுத்தவரை உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்தும். இரண்டுக்கும் ஒரே தமிழ்ச் சொல்லை ஒட்டினால் இரண்டில் ஒன்று பொய்யாகும். ‘ஆர்டினன்ஸ்’ நமக்கு அவசரச் சட்டம், இலங்கையில் கட்டளைச் சட்டம். அங்கே அது காலனி ஆட்சியிலிருந்து நிலைத்து நிற்கும் சட்டங்களின் பெயர். அந்தந்த நாட்டில் அதது சரி.

இனி மேண்டேட். லத்தீனில் ‘மானுஸ்’ என்றால் கை, ‘தாரே’ என்றால் கொடுப்பது. ரோமானியச் சட்டத்தில் ‘மந்தாதும்’ என்பது ஒருவர் தம் காரியத்தை இன்னொருவரிடம் ஒப்படைக்க, அவர் கூலியில்லாமல் செய்துதர ஒத்துக்கொள்ளும் ஒப்பந்தம். தேர்தலில் வென்ற கட்சி மக்கள் தனக்கு மேண்டேட் தந்ததாகச் சொல்வதும் இந்தப் பொருளில்தான். முதல் உலகப் போருக்குப் பின் சர்வதேச சங்கம் பாலஸ்தீனத்தைப் பிரிட்டனிடமும் சிரியாவைப் பிரான்சிடமும் விட்டதற்கும் மேண்டேட் என்றே பெயர். அந்த மண்ணுக்கு உரியவர்களிடம் சம்மதம் வாங்காமலே அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள். ஒப்படைக்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வியை விட்டுவிட்டால் இந்தச் சொல் எவ்வளவு கொடுமையையும் போர்த்திக்கொள்ளும்.

லத்தீன் வேரை அப்படியே பின்பற்றி ‘கையளிப்பு’ என்று சொல்லலாமா என்று ஐயா தனி மடலில் கேட்டார். அழகான சொல், ஆனால் கையளித்த பொருள் கைமாறிய பொருள். இங்கே பணமும் கணக்கும் என்னுடையவையாகவே இருக்கின்றன. குறித்த தொகையைக் குறித்த நாளில் குறித்தவருக்குக் கொடு என்று மட்டுமே சொல்லியிருக்கிறேன்.

வாடிக்கையாளர் வங்கியை ஏவுவது புதிதும் இல்லை. 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தை (நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் ஆக்ட்) பாருங்கள். காசோலை என்பது வங்கியின் மீது எழுதப்பட்ட மாற்றுச் சீட்டு. மாற்றுச் சீட்டு என்பது நிபந்தனையற்ற ‘ஆர்டர்’ அடங்கிய எழுத்துமுறி, அதாவது எழுத்து ஆவணம். நூறு ரூபாய்க்குக் காசோலை எழுதும் ஒவ்வொருவரும் வங்கிக்கு ஆர்டர் போடுகிறார். ‘காசோலை’யை ஆக்கியவரின் நுட்பத்தையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சோழர் காலத்தில் அரசன் வாய்மொழியாகச் சொன்னதைக் கேட்டுக்கொள்ள ஓர் அதிகாரி, அதை ஓலையில் எழுத ஓர் அதிகாரி என்று தனித்தனியே இருந்தார்கள். எழுதியவரின் பதவிப் பெயர் திருமந்திர ஓலை. ஏவலைத் தாங்கி வந்த அந்த ஓலைதான் இன்று காசோலையில் இருக்கிறது. ஆனால் அதில் இப்போது எழுதுவது குடிமக்கள்.

நம் சொற்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்போம். ‘உத்தரவு’ என்பதன் வேரான உத்தரத்துக்கு வடமொழியில் மறுமொழி என்று பொருள். தமிழில் ‘விடை’யும் அதே பாதையில் நடந்திருக்கிறது: கேள்விக்கு விடை, விருந்தாளிக்கு விடை கொடுத்தல், பணவிடை. மும்பையிலிருந்து ஊருக்குப் பணம் அனுப்பிய நம் முன்னோர் அஞ்சலகத்தில் நிரப்பியது பணவிடைப் படிவம். இரு சொற்களும் பெரியவர் வாயிலிருந்து பதில் வரும்வரை காத்திருப்பதைக் குறிக்கின்றன. காங்கேயம் அருகே சிவன்மலையில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி இருக்கிறது. பக்தர் கனவில் முருகன் சொன்ன பொருளை அதில் வைக்கிறார்கள். அந்த உத்தரவை எதிர்பார்க்கலாமே தவிர, நாம் பிறப்பிக்க முடியாது. வாடிக்கையாளரின் சொல்லுக்கு இது பொருந்தாது. ‘அனுமதி’யும் ‘ஒப்புதலு’ம் வேறு விதத்தில் தவறுகின்றன. அவற்றைச் சொன்னால் வங்கி கேட்டது, நான் தலையாட்டினேன் என்றாகிவிடும்.

‘கட்டளை’யை எடுத்துக்கொள்ளுங்கள். ஏவல் என்பது அதன் ஒரு பொருள்தான். செங்கல் அறுக்கும் அச்சுக்குக் கட்டளை என்று பெயர். பொன்னை உரைத்துப் பார்ப்பது கட்டளைக்கல். மெய்யெழுத்தை நீக்கி, நேரசையில் தொடங்கினால் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17 என்று எண்ணிப் பாடுவது கட்டளைக் கலித்துறை. அளவு, வரம்பு, மாறாமை ஆகியவை இதன் உள்ளேயே இருக்கின்றன. இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது கோயில் கட்டளை. ஒருவர் நிலமோ பணமோ வைத்து, இன்ன நாளில் இன்ன பூசைக்கு இவ்வளவு என்று வரையறுத்துவிடுகிறார். அதன்பின் அவர் வந்து நிற்க வேண்டியதில்லை; பூசை நடந்துகொண்டே இருக்கும். அவர் கட்டளைதாரர். தருமபுரம், திருவாவடுதுறை ஆதீனங்களில் கட்டளைகளைப் பார்த்துக்கொள்ளும் தம்பிரானுக்குக் கட்டளைத் தம்பிரான் என்றே பெயர். பணத்துக்கு உரியவர், தொகை, நோக்கம், காலம், நிறைவேற்றுபவர் என்று மேண்டேட் படிவத்தில் இருக்கும் கட்டங்கள் அத்தனையும் இங்கே இருக்கின்றன. ‘டிரஸ்ட்’டை அறக்கட்டளை என்று ஊரே சொல்கிறது, யாரும் மிரளுவதில்லை.

கணக்கில் கழிவது பற்று. எனவே ‘பற்றுக் கட்டளை’. மின்வடிவில் தருவது மின்பற்றுக் கட்டளை. ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷனுக்கு ‘நிலைக் கட்டளை’. குழுவின் கருத்தை அறிய ஆவலாக இருக்கிறேன்.

மறுமொழி
செம்பூரிலிருந்து

தம்பிக்கு வணக்கம். வங்கிச் சட்டப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

டைரக்‌ஷனுக்குப் பணிப்புரை என்பதை முழுமனதோடு ஏற்கிறேன். வழிகாட்டு நெறிமுறை என்ற சொல்லால் நானும் எத்தனையோ முறை நொந்திருக்கிறேன். ஆனால் கட்டளையில் எனக்கு மூன்று தடைகள் உண்டு.

முதலாவது, காசோலையை நான் எழுதும்போது இயங்குவது நான். மேண்டேட்டில் மாதந்தோறும் பணத்தைக் கேட்டு அனுப்புவது கடன் கொடுத்த நிறுவனம். நான் ஒரு முறை இசைந்தேன், அவர்கள் ஒவ்வொரு முறையும் இழுக்கிறார்கள். அது ஏவல் மட்டும் இல்லை, இசைவும்கூட. ‘இசைவாணை’ என்றால் இரண்டும் அடங்கும்.

இரண்டாவது, கட்டளை என்றதும் நான் சொன்னேன், வங்கி செய்யும், என் வேலை முடிந்தது என்று தோன்றும். முடியவில்லை. கணக்கில் பணம் இல்லாமல் திரும்பினால் 2007ஆம் ஆண்டின் பணம் செலுத்தல் மற்றும் தீர்வு முறைமைகள் சட்டம், 25ஆம் பிரிவுப்படி குற்றமாகலாம். இரண்டு ஆண்டு வரை சிறையோ, தொகையின் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ வரலாம். இது கொடுத்தவரையும் கட்டும் சொல்லாக இருக்க வேண்டாமா? ‘உன்மேல் ஆணை’ என்று சத்தியம் செய்கிறோம். ஆணையில் அந்தக் கட்டுப்பாடு இருக்கிறது.

மூன்றாவது, சேடா நகர் முருகன் கோயிலுக்கு வரும் இளையவர்களிடம் கட்டளை என்று சொல்லிப் பாருங்கள். உபயம் தெரியும், கட்டளைதாரர் தெரியாது. கணினியில் தட்டச்சு செய்யும் கமாண்ட் என்றுதான் எண்ணுவார்கள்.

மறுமொழி
மாட்டுங்காவிலிருந்து

அம்மாவுக்கு வணக்கம். 25ஆம் பிரிவை நினைவூட்டியதற்கு நன்றி. படிவத்தின் தமிழ் வடிவில் அதைப் பற்றி ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும் என்று நானும் வற்புறுத்துவேன். ஆனால் அந்தத் தண்டனை கையெழுத்திடும் இடத்தில் வெளிப்படையாக எழுதப்பட வேண்டியது. ஆணை என்ற சொல்லுக்குள் அதைப் பொதித்து வைத்தால் படிப்பவருக்கு அச்சம் போய்ச் சேரும், செய்தி போய்ச் சேராது. கட்டளையும் தன்னைத் தந்தவரை விட்டுவிடுவதில்லை. கோயிலுக்குக் கட்டளை வைத்தவர் அதற்கான முதலைப் பிரித்து வைத்தாக வேண்டும்; வெறுங்கையோடு கட்டளைதாரர் ஆக முடியாது.

இசைவு பற்றி நீங்கள் சொன்னது மறுக்க முடியாதது. அதனால் அந்தச் சொல்லை அதற்குரிய இடத்தில் வைப்போம். முதல் பதிவின்போது கடவுச்சொல்லோ ஒருமுறைக் குறியீடோ கொடுத்து உறுதி செய்கிறோமே, அது இசைவு. அந்த இசைவால் உருவாகி நிலைத்திருப்பது பற்றுக் கட்டளை. பிறகு நிறுவனம் மாதந்தோறும் அனுப்புவது பற்றுக் கோரிக்கை. ‘இழுப்பது’ என்று நீங்கள் சொன்னதுதான் வாடிக்கையாளர் மனத்திலும் இருக்கிறது. அந்த உணர்வை மாற்றத்தான் கோரிக்கை என்கிறேன். கட்டளையில் எழுதிய உச்ச வரம்புக்கு மேல் அவர்கள் கேட்டால் கொடுக்கக் கூடாது. அட்டை வழி மின்பற்றுக் கட்டளைகளுக்கு ரிசர்வ் வங்கி வகுத்த முறை 2021 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தது. பணம் கழிவதற்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வர வேண்டும், வேண்டாம் என்றால் விலகிக்கொள்ள வழி இருக்க வேண்டும் என்கிறது அது. கூடுதல் சரிபார்ப்பு இல்லாமல் கழிக்கக்கூடிய தொகை 2022 ஜூனில் 15,000 ரூபாயாக உயர்ந்தது. இந்தப் பாதுகாப்புகள் எல்லாம் கணக்குக்கு உரியவரைச் சொல்பவராகவே வைத்திருக்கின்றன.

கணினிக் கமாண்டோடு குழம்பும் என்ற தடைக்குப் ‘பற்று’ என்ற முன்னொட்டே காவல். இளையவர்களுக்குக் கட்டளைதாரர் தெரியாது என்பது உண்மை. அவர்களுக்கு அறக்கட்டளை தெரியும், அது போதும்.

‘இசைவாணை’யை ஏன் தவிர்க்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். குறுஞ்செய்தியின் அவசரத்தில் கண்ணில் படுவது பிற்பாதி. தையற்கடைக்காரர் மறுபடியும் கடையை மூடிவிட்டு ஓடுவார்.

செயலிக்கான வரிகளை இப்படி அமைத்திருக்கிறேன்:

பற்றுக் கட்டளையைப் பதிவு செய்க.
உங்கள் பற்றுக் கட்டளைப்படி நாளை இந்தத் தொகை கழியும். வேண்டாம் எனில் இங்கே நிறுத்துக.
பற்றுக் கட்டளையை மாற்றுக.
பற்றுக் கட்டளையை நிறுத்தி வைக்க.
பற்றுக் கட்டளையைத் திரும்பப் பெறுக.

வினைகளை வியங்கோளில் வைத்திருக்கிறேன். ‘பதிவு செய்’ என்ற ஏவல் வாடிக்கையாளரை ஒருமையில் விரட்டுகிறது. ‘செய்யவும்’ அலுவலக அறிவிப்புப் பலகையின் குரல். ‘செய்க’ மரியாதை குறையாமல், சுருக்கமாகவும் இருக்கிறது. நன்னூல் வகுப்பில் வியங்கோள் வாழ்த்துக்கும் வேண்டலுக்கும் விதித்தலுக்கும் இடம் தருகிறது என்பது அம்மாவுக்குத் தெரியாதது இல்லை.

கடைசி வரி பற்றி மட்டும் எனக்கு இன்னும் உறுதி வேண்டும். ‘ரீவோக்’கை ‘ரத்து செய்க’ என்று எழுதினால் எல்லாருக்கும் உடனே புரியும். ‘திரும்பப் பெறுக’ என்றால் கழிந்த பணம் திரும்பி வரும் என்று யாராவது எண்ணிவிடலாம். சட்டப் பிரிவில் நெடுங்காலம் இருந்தவர் நீங்கள்; வாடிக்கையாளர் புகார்களை நேரில் படித்திருக்கிறீர்கள். இரண்டில் எதை வைப்பது என்று நீங்கள் சொல்லுங்கள், அதையே ஐயாவுக்கு அனுப்பிவிடுகிறேன்.